எல்டிஎல் 162... மாத்திரை போடணுமா டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. எல்லாமே கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி, அதாவது எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை இறக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் பற்றி. போடலாமா, நிறுத்தலாமா, போட்டால் சுகர் வருமா, போடாவிட்டால் நெஞ்சு அடைக்குமா. சரி, மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: வயது 51, ஆண். மொத்தக் கொலஸ்ட்ரால் 238, எல்டிஎல் 162, ஹெச்டிஎல் 44, ட்ரைகிளிசரைடு 160. சுகர் இல்லை, சிகரெட் இல்லை, பிபி 134/84. அப்பாவுக்கு 68 வயதில் மாரடைப்பு வந்தது. டாக்டர் அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். "ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் நிறுத்த முடியாது" என்று நண்பர் பயமுறுத்துகிறார். ஒரு மாதமாக அட்டை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. என்ன செய்ய?

அட்டை பிரிக்காமல் கிடப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா பழைய ரிப்போர்ட்டைத் தேடி என் மேசைமேல் கைப்பையைக் கவிழ்த்தார். ரிப்போர்ட்டோடு சேர்ந்து நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டைகளும் விழுந்தன, மொத்தம் ஒன்பது, ஒரு மாத்திரைகூடக் கிள்ளவில்லை. மாதாமாதம் வாங்கியிருக்கிறார், போடவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். எதற்காகப் போடச் சொல்கிறேன் என்று நான்தான் உட்கார வைத்து விளக்கவில்லை. அதற்கப்புறம் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் நூறு புள்ளி வைத்துக் காட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்களுக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

முதலில் அந்த 162-ஐக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். பல லேப்களில் எல்டிஎல் 100-ஐத் தாண்டினாலே எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள், அது உங்களைத் தெரிந்து போட்ட குறி இல்லை. இதே 162 சுகரும் சிகரெட்டும் உள்ள 60 வயதுக்காரரிடம் இருந்தால் நான் சட்டென்று மாத்திரை எழுதுவேன். வேறு எந்தத் தொல்லையும் இல்லாத 35 வயதுக்காரரிடம் இருந்தால் பெரும்பாலும் பேசி அனுப்பிவிடுவேன். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, அடுத்த 10 வருடத்தில் உங்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதை. வயது, பிபி, சுகர், புகை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் உள்ளிட்டால் இதைச் சதவீதமாகச் சொல்லும் கணக்கிகள் உண்டு. பிரிட்டனில் க்யூரிஸ்க், ஐரோப்பாவில் ஸ்கோர் 2, அமெரிக்காவில் 2023-ல் வந்த ப்ரிவென்ட். ஒரே ஆளுக்கு மூன்றும் மூன்று எண் சொல்லும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஏறக்குறைய எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும். பிரிட்டிஷ் வழிகாட்டியில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் மாத்திரை கொடுக்க முன்வர வேண்டும் என்று இருக்கிறது. 2018-ன் அமெரிக்க வழிகாட்டி 7.5 சதவீதத்திலேயே பேச்சைத் தொடங்கச் சொல்கிறது.

நீங்கள் கொடுத்த விவரங்களைப் பார்த்தால் உங்கள் எண் 10-க்குக் கீழேதான் வரும். கணக்கு சுலபமாக இருக்க 10 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது நூறு புள்ளி. உங்களை மாதிரியே நூறு பேர். யாரும் மாத்திரை போடவில்லை என்றால் 10 வருடத்தில் 10 பேருக்கு ஏதாவது வரும், 90 பேர் சும்மாவே நன்றாக இருப்பார்கள். எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வைத்து நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு இது. அட்டோர்வா 10 உங்கள் 162-ஐ சுமார் 100-க்குக் கொண்டுவரும், அதாவது 60 புள்ளி இறக்கம். அப்போது அந்த 10 பேர் 7 பேராவார்கள். மூன்று பேர் தப்பித்தார்கள், ஏழு பேருக்கு மாத்திரை போட்டும் வந்தது, தொண்ணூறு பேர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். அந்த மூன்று பேர் யார் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "நூற்றுக்கு மூணு பேர்தானா?" என்று எழுந்து போனவர்களும் உண்டு, "மூணு பேரா! குடுங்க டாக்டர்" என்று கை நீட்டியவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் நான் சண்டை போட்டதில்லை. "ஆபத்தை 30 சதவீதம் குறைக்கும்" என்று விளம்பரம் சொல்வதும் இதே மூன்று பேரைத்தான், எனவே சதவீதம் சொல்கிறவரிடம் "எத்தனையிலிருந்து எத்தனைக்கு?" என்று கேளுங்கள்.

ஆனால் 10 வருடத்தோடு கதை முடிவதில்லை, உங்களுக்கு 51-தான் ஆகிறது. ரத்தக்குழாய்க்கு எல்டிஎல் எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை, எத்தனை வருடம் அந்த அளவில் ஓடியது என்பதும் கணக்கு. அந்தக் கணக்கில் 162 அலட்சியம் செய்கிற எண் இல்லை. அப்பாவுக்கு 68-ல் வந்ததைப் பரம்பரை ஆபத்தாக நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. ஆணுக்கு 55-க்கு முன்னாலும் பெண்ணுக்கு 65-க்கு முன்னாலும் வந்திருந்தால்தான் அது தனிக் கணக்கு.

இன்னும் தராசு நடுவிலேயே ஆடுகிறது என்றால் இரண்டு பரிசோதனை உதவும். ஒன்று லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் மாதிரியான இன்னொரு கொழுப்புத் துகளின் அளவு, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், பிறவியிலேயே அமைகிற அளவு அது. இன்னொன்று இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கால்சியம் ஸ்கோர் சிடி. அது பூஜ்யம் என்று வந்தால், சுகரும் சிகரெட்டும் இல்லாத உங்களைப் போன்றவர் மாத்திரையைத் தள்ளிப்போட்டுச் சில வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம். நூறைத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை, போட்டுவிடுங்கள். அப்புறம் தைராய்டு ஒருமுறை பாருங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்தால் தானே இறங்கும், இதைப் பார்க்காமலே வருடக்கணக்கில் ஸ்டேட்டின் விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். இந்த மாத்திரைக்கு உடம்பு அடிமையாகாது. நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அவ்வளவுதான். குடை மாதிரி, பிடித்திருக்கிற வரைக்கும் நனைய மாட்டீர்கள், மடக்கினால் பழைய மழைதான், புதுப் புயல் ஒன்றும் வராது. ஆகவே மூன்று மாதம் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் நிறுத்துவதிலும் தவறில்லை. மூன்று மாதம் உணவையும் நடையையும் ஒழுங்குபண்ணிவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்ப்பதிலும் தவறில்லை, உங்கள் விஷயத்தில் அவசரம் எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: உணவு மாற்றத்தில் எல்டிஎல் பொதுவாக 5 முதல் 15 சதவீதம்தான் இறங்கும், 162 பாடுபட்டு 140-க்கு வரலாம், 100-க்கு வராது. உடம்பில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி கல்லீரல் தானே தயாரிப்பது, சாப்பாட்டுத் தட்டு அதற்கு முழு எஜமான் கிடையாது.

"நீங்களாக இருந்தால்?" என்று கடிதத்தின் மூலையில் சிறியதாகக் கேட்டிருக்கிறீர்கள். நானாகத்தான் இருந்தேன். ஏறக்குறைய இதே எண், இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன், அப்புறம் ஸ்கேனில் கால்சியம் தெரிந்தது, அன்று இரவே ஆரம்பித்துவிட்டேன்.

கேள்வி: வயது 58. ஆறு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எல்டிஎல் 68, நார்மல். ஸ்டேட்டினை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அம்மா. மாத்திரை போடுவதால்தான் அது 68. நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 68 இருக்காது.

மேலே அந்த 51 வயதுக்காரரிடம் இவ்வளவு நேரம் தராசு பிடித்தேன் இல்லையா, உங்களுக்கு அந்தத் தராசே தேவையில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த மாத்திரை உயிரைக் காப்பாற்றுகிறது என்பது 1994-லேயே முடிந்துபோன வழக்கு. இதயநோய் இருந்த 4,444 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சிம்வாஸ்டேட்டின், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். வெறும் மாத்திரை போட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள், மருந்து போட்டவர்களில் 182 பேர். ஸ்டென்ட் வைத்த இடம் ஒன்றுதான் அம்மா, மற்ற குழாய்களும் அதே ரத்தத்தில்தான் குளிக்கின்றன. 68 என்பதே போதுமா, 55-க்குக் கீழே கொண்டுவரலாமா என்று உங்கள் இதய மருத்துவரைக் கேளுங்கள். 2019-ன் ஐரோப்பிய வழிகாட்டி உங்களைப் போன்றவர்களுக்கு அதைத்தான் இலக்காக வைக்கிறது. அதற்கு ஸ்டேட்டின் டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும், எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைக் கூடச் சேர்ப்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

கேள்வி: வயது 63. ரோசுவாஸ்டேட்டின் 10 போட்டேன், பத்தே நாளில் கால் வலி, தோள் வலி. நானே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொன்னால் "எல்லாம் மனசுதான்" என்கிறார். வலி எனக்குத்தானே தெரியும்?

வலி உங்களுக்குத்தான் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. அந்த மருத்துவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொல்லவந்ததில் ஒரு விஷயம் இருக்கிறது, கோபப்படாமல் கேளுங்கள்.

லண்டனில் ஒரு சோதனை நடத்தினார்கள், 2020-ல் முடிவு வெளிவந்தது, சாம்சன் என்று பெயர். உங்களை மாதிரியே பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 மாதத்துக்கு 12 டப்பா. நான்கில் அட்டோர்வாஸ்டேட்டின், நான்கில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எது என்பது முன்கூட்டித் தெரியாது, காலி டப்பா வந்தால் மட்டும் கண்ணுக்கே தெரியும். தினமும் போனில் அன்றைய உபாதைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. வெறும் மாத்திரை மாதங்களில்? 15.4.

அதாவது உபாதை நிஜம், மதிப்பெண்ணே இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது, ஆனால் ஏறக்குறைய முழுவதையும் "மாத்திரை விழுங்குகிறேன்" என்ற நினைப்பே கிளப்பியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பொருள் உங்களுக்கு ஆகாது என்று நாலு பேர் சொல்லிவிட்டால் உடம்பு அதைத் தேட ஆரம்பித்துவிடும், சாதாரணமாகக் கவனிக்காமல் விடுகிற கெண்டைக்கால் பிடிப்பெல்லாம் கணக்கில் வந்துவிடும். தங்கள் சொந்த வரைபடத்தைக் காட்டியபின் அந்த 60 பேரில் பாதிப் பேர் மறுபடி ஸ்டேட்டினுக்குத் திரும்பினார்கள்.

பாதிப் பேர், எல்லாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். மருந்தாலேயே வருகிற தசை வலி உண்டு. 2022-ல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் கூடுதலாகத் தசை உபாதை சொல்கிறார்கள், அதற்கு மேல் போடும் வருடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. தொடை, இடுப்பு, தோள் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரே முட்டி மட்டும் வலித்தால் நான் முட்டியைத்தான் பார்ப்பேன். தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பாருங்கள். கொஞ்சநாள் நிறுத்தி, வலி அடங்கியபின் குறைந்த டோஸில் அல்லது வேறொரு ஸ்டேட்டினில் ஆரம்பித்துப் பார்க்கலாம். ரோசுவாவை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுத் தாக்குப்பிடிக்கிறவர்கள் நிறைய. எதுவுமே ஆகவில்லை என்றால் எசெடிமைப், பெம்பெடோயிக் ஆசிட், ஊசிகள் என்று வழி இருக்கிறது. கடுமையான தசை வலியோடு சிறுநீர் பழுப்பாகப் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரொம்ப அபூர்வம், ஆனால் காத்திருக்கிற விஷயம் கிடையாது.

கேள்வி: வயது 56, பெண். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 6.2. பிபிக்கு மாத்திரை போடுகிறேன், இப்போது ஸ்டேட்டினும் போடச் சொல்கிறார்கள். சுகரைக் கூட்டிவிடும் என்று படித்தேன். நிஜமா?

நிஜம், கொஞ்சம் கூட்டும். மூடி மறைக்க ஒன்றுமில்லை. முக்கியமாக உங்களைப் போல வாசற்படியில் நிற்கிறவர்களை அது உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் எவ்வளவு வேகமாக? ஜூபிடர் என்ற சோதனையில் ரோசுவா போட்டவர்களுக்குச் சுகர் வந்தது, மற்றவர்களைவிடச் சராசரியாக 5 வாரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக முந்தி, அவ்வளவே. அதிலேயே சுகர் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, புதிதாகச் சுகர் வந்த ஒவ்வொரு 54 பேருக்கு எதிராக 134 மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்றவை தவிர்க்கப்பட்டிருந்தன. சுகரைப் பார்த்து நாம் பயப்படுவதே பெருமளவு இதயத்துக்காகத்தான், எனவே இந்தப் பேரம் எனக்குச் சம்மதம். மூன்று நான்கு கிலோ எடையைக் குறைக்க முடிந்தால் மாத்திரை ஏற்றுவதைவிட அதிகமாகவே இறக்கிவிடுவீர்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது, ஒல்லி, வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். எல்டிஎல் 214 என்று வந்திருக்கிறது! லேப் தப்பாகத்தானே இருக்கும்? (அம்மாவுக்கு 49-ல் மாரடைப்பு.)

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் பதில். ஒருமுறை மறுபடி எடுத்துப் பாருங்கள், ஆனால் லேப் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 190-ஐத் தாண்டிய எல்டிஎல், வீட்டில் இளம்வயது மாரடைப்பு என்றால் பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் நோயைத்தான் முதலில் நினைப்போம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் கொக்கிகள் கல்லீரல் செல்லின்மேல் இருக்கின்றன (அவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் கொடுத்தார்கள்). உங்களுக்குப் பிறவியிலேயே அதில் ஏறக்குறைய பாதி வேலை செய்யாமல் இருக்கலாம். ஓட்டம் இதயத்துக்கு நல்லது, ஓடுங்கள், ஆனால் ஓடி ஓடிக் கொக்கி முளைக்காது. ஸ்டேட்டின் செய்வது, மிச்சமிருக்கும் நல்ல கொக்கிகளைக் கூட்டுவதைத்தான்.

அந்த 10 வருடக் கணக்கியில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்காதீர்கள். வயது குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்லும், உங்கள் குழாயோ பிறந்த நாளிலிருந்து இந்தக் கொழுப்பில் ஊறிக்கொண்டிருக்கிறது. மாத்திரை தேவைப்படும், பெரும்பாலும் நல்ல டோஸிலேயே. கர்ப்பமாகும் திட்டம் இருந்தால் ஆரம்பிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், பொதுவாக அந்தக் காலத்தில் ஸ்டேட்டினை நிறுத்தி வைப்போம். கூடப்பிறந்தவர்கள் உண்டா? ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இந்த வாரமே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கெமிக்கல் வேண்டாம் என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல் எடுக்கிறேன். நல்லதுதானே?

அதில் வேலை செய்கிற பொருளின் பெயர் மோனகோலின் கே. 1987-ல் மாத்திரையாக அனுமதி பெற்ற லோவாஸ்டேட்டினும் அதுவும் ஒரே மூலக்கூறு. ஆக நீங்கள் ஸ்டேட்டின்தான் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு என்று மட்டும் தெரியாமல். இயற்கைதான் முக்கியம் என்றால், 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பிடித்ததுதான் முதல் ஸ்டேட்டினே.

கேள்வி: இரவில்தான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டேட்டின் என்றால் இரவு. அட்டோர்வா, ரோசுவா எப்போது மறக்க மாட்டீர்களோ அப்போது.

கேள்வி: அப்பாவுக்கு 81. இதயத் தொல்லை எதுவும் வந்ததில்லை. செக்கப்பில் எல்டிஎல் 148. ஸ்டேட்டின் ஆரம்பிக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தலாமா?

ஏற்கனவே பல வருடமாகப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்றால் தொடரச் சொல்லியிருப்பேன். இதயநோயே வராத ஒருவருக்கு 75-க்கு மேல் புதிதாக ஆரம்பிப்பதில் சான்று மெலிதாகத்தான் இருக்கிறது, அதற்கென்றே பெரிய சோதனைகளை இப்போதுதான் நடத்துகிறார்கள். மாத்திரையின் பலன் கைக்கு வர ஓரிரு வருடமாவது ஆகும். அவர் தெம்பாக நடமாடுகிறாரா, ஏற்கனவே எத்தனை மாத்திரை விழுங்குகிறார், கீழே விழுகிற பயம் உண்டா, இதெல்லாம் 148-ஐவிட எனக்கு முக்கியம். ஆரம்பித்தாலும் சிறிய டோஸ் போதும்.

இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் கருத்து, அக்கா கருத்து, உங்கள் கருத்து எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.